நல்லதம்பியர் வாங்காத கடிதம்

யாழ்ப்பாணத்தில் ஒருவரைத் தேடிப் போகிறவர்கள் ‘உதிலை’ என்ற சொல்லுக்குப் பொருள் தெரிந்துகொண்டு போக வேண்டும். எனக்குத் தெரியாது. நெல்லியடிச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கி, மனோன்மணி டீச்சரின் வீடு எங்கே என்று கேட்டேன். சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்த ஒருவர் கையைக் காற்றில் வீசி, “உதிலைதான் ஐயா, கிட்ட” என்றார். மதுரையில் அப்படிச் சொன்னால் அடுத்த தெரு. இங்கே ஒரு பனந்தோப்பையும் ஒரு புகையிலைத் தோட்டத்தையும் தாண்டி, பெட்டி தூக்கிய தோள் மரத்துப்போன பிறகு கேட்டாலும் அதே பதில்தான்: “உதிலைதான்.”

அது 1983ஆம் ஆண்டின் தொடக்கம். மதுரையில் நான் பிழைதிருத்துநராக வேலை பார்த்த அச்சகத்தின் முதலாளி, டீச்சரின் கடிதம் ஒன்றை ஏதோ ஒரு பழைய பத்திரிகையில் படித்துவிட்டார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையைக் கழுவாமல் என்னைக் கூப்பிட்டு அதைப் படிக்கச் சொன்னார். சாதியைச் சொல்லித் தேநீர்க்கடை பெஞ்சில் உட்கார விடாத ஒரு கடைக்காரருக்கு எழுதிய கடிதம் அது. திட்டு இல்லை, அழுகை இல்லை. படித்து முடித்தபோது அந்தக் கடைக்காரர் எனக்கு வேண்டிய மனிதர் ஆகிவிட்டிருந்தார். ஆனால் அவர் செய்தது சரி என்று சொல்ல என்னிடம் ஒரு வார்த்தைகூட மிஞ்சவில்லை.

டீச்சரின் வழி இதுதான். முதலில் கடிதம் எழுதுவார். பதில் வராவிட்டால் ஆட்களோடு போய் வாசலில் உட்காருவார். அடித்தால் வாங்கிக்கொண்டு, திரும்ப வந்து இன்னொரு கடிதம் எழுதுவார். இப்படியே பல பெஞ்சுகளும் சில கோவில் கதவுகளும் திறந்ததாகக் கேள்வி. எல்லாக் கடிதங்களையும் புத்தகமாகப் போட வேண்டும் என்று முதலாளி எழுதினார். ‘ஆள் வந்தால் கதைக்கலாம்’ என்று ஒரு வரியில் பதில் வந்தது. ஆள் நான்.

வீட்டைக் கண்டுபிடித்தபோது கதவு சாத்தியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு மேலே தலையை நீட்டி, “ரீச்சர் வெளிக்கிட்டா” என்றார். எங்கள் ஊரில் வெளிக்குப் போவதென்றால் கொல்லைப்பக்கம் ஒதுங்குவது. அதைப் போய் விளக்கமாகக் கேட்க முடியுமா? மரியாதைக்கு முற்றத்தைப் பார்க்காமல் திரும்பி நின்று காத்திருந்தேன். வெயில் ஏறியது. டீச்சருக்கு வயிற்றுக்கோளாறு போலிருக்கிறது என்று பரிதாபப்பட்டும் முடித்துவிட்டேன். வேலியோரம் மறுபடியும் தலை தெரிந்தது.

“ஏன் இன்னும் நிக்கிறியள்? அவ மானிப்பாய்க்கெல்லோ வெளிக்கிட்டவ. இண்டைக்கு வரமாட்டா.”

வெளிக்கிடுவது என்றால் புறப்படுவதாம்.

மறுநாள் மானிப்பாய்க்குப் போனேன். நான் ஏறிய பஸ் பாதி வழியில் நின்றது. நடத்துநர் இறங்கி, சக்கரத்தை ஒரு உதை உதைத்துவிட்டு, “சரிவராது” என்று பொதுவாக அறிவித்தார். யாரும் கோபப்படவில்லை. மடியில் கோழி வைத்திருந்த ஒருவர் கோழியோடு இறங்கி நடந்தார். பக்கத்தில் இருந்தவர் தன் பாணில் பாதியைப் பிய்த்து என்னிடம் நீட்டினார். பாண் என்பது ரொட்டி. சிவப்பாக இடித்த சம்பலோடு சாப்பிட்டால் கண்ணில் நீர் வரும். “அடுத்த பஸ் எப்ப வரும்?” என்றேன். “வரும்” என்றார். எங்கள் மதுரையில் ஒரு பஸ் இப்படி நின்றிருந்தால் இதற்குள் நாலு சட்டை கிழிந்திருக்கும். இவர்களுடைய நிதானம்தான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

மானிப்பாய் ஆஸ்பத்திரியில் ஒரு கட்டிலருகே டீச்சரைப் பிடித்தேன். குள்ளமான பெண்மணி. ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். உடைந்த மூக்குக்கண்ணாடியை நூலால் கட்டியிருந்தார். கட்டிலில் தலை முழுவதும் கட்டோடு ஓர் இளைஞன், பெயர் சிவம். தலைமாட்டில் அவனுடைய அண்ணன் துரை. காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை; லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். தோளைப் பார்த்தாலே ஒதுங்கி நிற்கத் தோன்றும்.

“மதுரையோ? வாங்கோ தம்பி. சாப்பிட்டியளோ?” என்றார் டீச்சர்.

“கடிதங்களை வாங்கிட்டுப் போகலாம்னு வந்தேன் டீச்சர். ரெண்டு நாளா அலையுறேன்.”

“முதலிலை ஒரு கடிதம் எழுத வேண்டிக் கிடக்கு. அது முடிய உங்கடை விசயம் கதைப்பம்.”

என்ன கடிதம் என்பதைத் துரைதான் சொன்னான். டீச்சரின் ஊரில் பெரும்பாலான கிணறுகளில் உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்றுதான், நல்லதம்பி என்ற வெங்காயத் தோட்டக்காரருடையது. ஊரார் மரியாதையாக நல்லதம்பியர் என்பார்கள். டீச்சரின் சாதி ஆட்கள் அந்தக் கிணற்றில் தாங்களே அள்ளக் கூடாது. குடத்தோடு எட்டி நிற்க வேண்டும், யாராவது மனம் இரங்கி வந்து அள்ளி ஊற்றுவார்கள். இனி நாங்களே அள்ளுகிறோம் என்று கேட்டபோது, நல்லதம்பியர் கிணற்றைச் சுற்றி முள்ளுக்கம்பி அடித்துப் பூட்டுப் போட்டுவிட்டார். சிவம் கம்பியைத் தாண்டிப் போய் வாளியைத் தொட்டான். தோட்டத்து ஆட்கள் அடித்துவிட்டார்கள். பக்கத்து ஆஸ்பத்திரி என்றால் அடித்தவர்களின் ஆட்கள் வந்து போவார்கள் என்று பயந்து இவ்வளவு தூரம் கொண்டு வந்திருக்கிறார்கள்.

“ரீச்சர் வெள்ளிக்கிழமை வரைக்கும் தவணை கேட்டிருக்கிறா,” என்றான் துரை. “அதுக்குப் பிறகு கம்பியும் இராது, தண்ணி இறைக்கிற மிசினும் இராது, அந்த வீடும் இராது. இந்தக் காலத்திலை கடிதமாம், கடிதம்!”

“கத்தாதை. அவன் நித்திரை கொள்ளட்டும்,” என்றார் டீச்சர்.

அடுத்த நாள் முழுவதும் டீச்சர் வீட்டில் அந்தக் கடிதத்தோடு கழிந்தது. காலையில் புட்டும் சொதியும் தந்தார்கள். தேங்காய்ப்பாலில் மஞ்சளாக, பேருக்குப் புளித்த ஒரு குழம்பு. முந்தின இரவு முறைத்துக்கொண்டு சாப்பிட்டேன், அன்று இரண்டாம் தரம் கேட்டு வாங்கினேன். பால் இல்லாத தேநீரைப் பனங்கட்டியை, நம்மூர்க் கருப்பட்டிதான், கடித்துக் கடித்துக் குடிக்க வேண்டும். நல்ல காப்பிக்கு நாக்கு ஏங்கியது.

நான் சும்மா உட்கார்ந்திருப்பதை டீச்சர் பொறுக்கவில்லை. “தம்பி, நீங்கள் இப்ப நல்லதம்பியர். நான் வாசிக்கிறன். எங்கை கோவம் வருதெண்டு சொல்லுங்கோ.”

“எனக்கு அவரைத் தெரியாதே டீச்சர்.”

“உங்கடை ஊரிலை அப்பிடி ஒருத்தரும் இல்லையோ?”

இருக்கிறார்கள். மதுரையைத் தாண்டி எந்தக் கிராமத்து டீக்கடைக்குப் போனாலும் ஆணியில் தனியாகத் தொங்கும் தம்ளர் இருக்கும். அதைத் தொங்கவிட்டவர்களில் சிலரை எனக்கு நன்றாகவே தெரியும். எனவே நல்லதம்பியராக உட்கார்ந்தேன்.

டீச்சர் வாசித்தார். “‘உங்கள் ஆட்கள் மிருகங்களைப் போல நடந்துகொண்டார்கள்.’”

“இங்க கோபம் வருது,” என்றேன்.

“ஆரிலை?”

“உங்க மேலதான்.”

அந்த வரியை அடித்தார். “‘சிவத்தின் தகப்பனும் சித்தப்பனும் இடுப்பளவு சேற்றில் நின்று அந்தக் கிணற்றைத் தூர் எடுத்தார்கள். அதே தண்ணீரை நீங்கள் குடித்தீர்கள்.’”

“இங்கயும் வருது.”

“ஆரிலை?”

யோசித்தேன். “தெரியலை. உங்க மேல இல்லை.”

“அப்ப அது கிடக்கட்டும். கோவம் வரவேணும் தம்பி. ஆனா என்னிலை வரப்படாது. என்னிலை வந்தால் என்னைப் பேசிப்போட்டு நிம்மதியாய்ப் படுத்திடுவார்.”

துரை முற்றத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தான். “தம்பியின்ரை மண்டையிலை தையல் போட்டுக் கிடக்கு. நீங்கள் முதல் வரியிலை அந்தாளின்ரை முழங்கால் நோவை விசாரிக்கிறியள்!”

“அவருக்கு முழங்கால் நோதானே?”

“நோகட்டும்!”

டீச்சர் முதல் வரியைத் திரும்பவும் சத்தமாக வாசித்தார். அதை அவர் மாற்றவில்லை. மற்றதையெல்லாம் மாற்றினார். ஒரு காற்புள்ளிக்கு ஒரு தேநீர் என்ற கணக்கில் பொழுது போனது. பிழைதிருத்தியே வயிறு வளர்ப்பவன் நான். எனக்கே பைத்தியம் பிடிக்கும்போல் இருந்தது. மாலைக்குள் கடிதம் எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

மறுநாள் நல்லதம்பியர் கடிதத்தை வாங்கவில்லை. கொண்டுபோன பிள்ளையை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். ஏற்கனவே தபாலில் போட்டவையும் உடைக்கப்படாமல் திரும்பி வந்திருந்தனவாம். சந்தைக் கடையில் அதைப் பற்றித்தான் பேச்சு. ஒருவர் இன்னொருவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது: “நல்லதம்பியருக்கென்ன விசரே, பைத்தியமே? அவளின்ரை கடிதத்தை வாசிச்சால் பிறகு ஒத்துக்கொள்ள வேண்டி வரும். வாசிக்காமல் இருக்கிறதுதான் புத்தி.”

ஓர் எழுத்தாளருக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடைக்குமா என்று தெரியவில்லை. ஆனால் அதனால் எனக்கு என்ன பயன்? ஊர் திரும்ப வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. “இப்பவாவது என் விஷயம் பேசலாமா டீச்சர்?” என்றேன்.

“நாளைக்கு வெள்ளிக்கிழமை. அவர் காலமை தண்ணி இறைப்பார். வேலிக்கு இஞ்சாலை நிண்டு வாசிக்கப் போறன். கேட்காமல் காதைப் பொத்தவோ போறார்?”

காதைப் பொத்தவில்லை. அதைவிட நல்ல வழி அவரிடம் இருந்தது.

வெள்ளி காலை ஒழுங்கையில் நின்றோம். ஒழுங்கை என்றால் இருபக்கமும் பனையோலை வேலி போட்ட சந்து. முள்ளுக்கம்பிக்கு அப்பால் கிணறு. அதையடுத்து வெங்காயப் பாத்திகள், பிடுங்கும் பருவத்தில். டீச்சருக்குப் பின்னால் குடங்களோடு பெண்கள். அவர்களுக்கும் பின்னால் துரையும் அவனுடைய கூட்டாளிகளும். எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்பது டீச்சரின் கட்டளை. துரை கட்டிய கைகளைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

நல்லதம்பியர் வந்தார். மெலிந்த மனிதர், வேட்டியை மடித்துக்கட்டி, ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தார். எங்களைப் பார்க்காதவர்போல் கிணற்றடிக்குப் போனார்.

“‘பெருமதிப்புக்குரிய நல்லதம்பி அவர்களுக்கு,’” என்று டீச்சர் தொடங்கினார். “‘உங்கள் முழங்கால் நோ குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்—’”

நல்லதம்பியர் தண்ணீர் இறைக்கும் மிசினின் கயிற்றைச் சுண்டி இழுத்தார். மண்ணெண்ணெய் மிசின். அது போட்ட சத்தத்தில் பக்கத்துப் பனையிலிருந்த காகங்கள் பறந்தன. டீச்சரின் வாய் அசைந்தது, ஒரு சொல்கூட எனக்குக் கேட்கவில்லை. அவர் கடிதத்தை மடித்தார், குடையை விரித்தார், காத்திருந்தார்.

எண்ணெய் முடிந்து மிசின் நின்றது. டீச்சர் குடையை மடக்கி, கடிதத்தை விரித்தார். “‘பெருமதிப்புக்குரிய—’”

நல்லதம்பியர் எண்ணெய் ஊற்றி மறுபடி கயிற்றை இழுத்தார். டீச்சர் மறுபடி குடையை விரித்தார்.

இது எவ்வளவு நேரம் நடந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். வெயில் உச்சந்தலைக்கு வந்தது. செருப்புக்குள் மணல் கொதித்தது. இறைப்பு தேவைப்படாத வெங்காயத்துக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டே இருந்தது. பாத்திகள் நிறைந்தன, வரம்புகள் கரைந்தன, கடைசியில் வேலிக்குக் கீழால் தண்ணீர் ஒழுங்கைக்குள் வந்து எங்கள் காலடியில் ஓடியது. தெளிந்த, குளிர்ந்த, நல்ல தண்ணீர். பெண்கள் குடங்களை இடுப்பில் வைத்தபடி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தி குனியப் போனாள்.

“எடுக்காதை பிள்ளை,” என்றார் டீச்சர். “வழிஞ்சதை அள்ளினால் வழியிறதுதான் எங்கடை பங்கெண்டு ஆகிப்போகும்.”

அவள் நிமிர்ந்தாள். எனக்குத் தொண்டை வறண்டு நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. கோபம் வந்தது. யார்மேல் என்று அந்த நேரத்தில் என்னாலும் சொல்ல முடியவில்லை. துரை கட்டிய கையை அவிழ்த்து வேலிப் பக்கம் ஓரடி வைத்தான். டீச்சர் திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டி அவனுடைய மணிக்கட்டைப் பிடித்தார். பிறகு அதை விடவேயில்லை.

வீட்டுப் பக்கமிருந்து நல்லதம்பியரின் மனைவி வந்தார். பாத்திகளைப் பார்த்ததும் தலையில் கை வைத்தார். முழங்காலளவு புடவையைத் தூக்கிக்கொண்டு சேற்றுக்குள் இறங்கி, ஒரு வெங்காயத்தைப் பிடுங்கிக் கணவனின் முகத்துக்கு நேரே நீட்டினார். என்ன சொன்னார் என்று சத்தத்தில் கேட்கவில்லை. பிறகு அவரே போய் மிசினை நிறுத்தினார்.

“பிடுங்குற வெங்காயத்தை அழுக விட்டிட்டியள்! அவ வாசிச்சு முடிக்கட்டும். அதுக்குப் பிறகு என்ன செய்யிறதெண்டாலும் செய்யுங்கோ.”

நல்லதம்பியர் கிணற்றுக்கட்டில் உட்கார்ந்தார். “வாசி,” என்றார். “வாசிச்சுத் துலை.”

டீச்சர் ஒரு கையில் துரையின் மணிக்கட்டோடும் மறுகையில் கடிதத்தோடும் வாசித்தார். மனப்பாடமான கடிதம்தான், அந்தச் சந்தில் கேட்கும்போது வேறாக இருந்தது.

“‘இந்தக் கிணற்றை வெட்டியவர் உங்கள் தகப்பனார். காணிக்கு நடுவே வெட்டியிருந்தால் இறைப்புக்கு வசதியாக இருந்திருக்கும். அவர் ஒழுங்கையோரம் வெட்டினார். ஏன் என்று அவரிடம் நீங்கள் கேட்டிருப்பீர்கள். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. கடந்த பங்குனியில் ஊற்று அடைத்தபோது சிவத்தின் தகப்பனும் சித்தப்பனும் இடுப்பளவு சேற்றில் நின்று தூர் எடுத்தார்கள். அதே தண்ணீரை நீங்கள் குடித்தீர்கள். தண்ணீர் பழுதாகவில்லை. கிணற்றுக்குள் இறங்கலாம், கிணற்றுக்கட்டில் ஏறக் கூடாது என்பதை என் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு என்னால் விளங்கப்படுத்த முடியவில்லை. உங்களால் முடிந்தால் எழுதி அனுப்புங்கள், வாசித்துக் காட்டுகிறேன்.

‘காலம் வரும், பொறுங்கள் என்று சொல்லியனுப்பினீர்கள். அள்ளி ஊற்ற ஆள் வரும்வரை வெயிலில் குடத்தோடு நிற்பவர்களுக்குப் பொறுமையைப் பற்றிப் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. சிவம் வாளியைத் தொட்டான். அவனுடைய மண்டையை உடைத்தார்கள். திருப்பி அடிக்காதே என்று அவனுடைய அண்ணனிடம் கேட்டிருக்கிறேன். உங்களிடம் ஒரு சாவியைக் கேட்கிறேன். அவனிடம் நான் கேட்டது அதைவிடப் பெரிது. அவன் தந்திருக்கிறான்.

‘நீங்கள் திறந்தால், நீங்களாகத் திறந்தீர்கள் என்றுதான் ஊருக்குச் சொல்வோம். அதுதான் உண்மையாகவும் இருக்கும்.’”

வாசித்து முடிந்தது. துரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுடைய முகம் நனைந்திருந்தது.

நல்லதம்பியர் கிணற்றுக்கட்டைப் பிடித்து எழுந்தார். பிறகு, “பிழை,” என்றார்.

“என்ன பிழை?”

“தூர் எடுத்தது பங்குனியிலை இல்லை. சித்திரையிலை.”

டீச்சர் துரையின் கையை விட்டுவிட்டு, பையிலிருந்து பேனாவை எடுத்து, மடக்கிய குடையின்மேல் கடிதத்தை வைத்துப் பங்குனியை அடித்துச் சித்திரை என்று எழுதினார்.

“வேறை பிழை ஏதும் இருக்கோ?”

அவர் மனைவி வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தார்.

“இல்லை,” என்றார் நல்லதம்பியர்.

டீச்சர் கடிதத்தை முள்ளுக்கம்பிக்கு மேலால் நீட்டினார். அவர் காலை இழுத்துக்கொண்டு வந்து வாங்கினார். திரும்பிப் போகும்போது எங்களைப் பார்க்காமல் எரிந்து விழுந்தார்: “நாளைக்குக் காலமை வாங்கோ. இண்டைக்கு என்னத்தை அள்ளப் போறியள்? முழுக்க இறைச்சுத் துலைச்சுப்போட்டன்.”

மறுநாள் போனபோது பூட்டு இல்லை. ஊற்றில் தண்ணீர் ஏறியிருந்தது. டீச்சரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு யாரும் கூச்சலிடவில்லை. பெண்கள் ஒவ்வொருவராகப் போய்த் தாங்களே அள்ளினார்கள். துரை ஒரு போத்தலில் தண்ணீர் பிடித்து இறுக மூடி, மானிப்பாய்க்குப் பஸ் ஏறப் போனான். சிவத்துக்காம்.

இப்போதாவது என் விஷயம். “கடிதங்கள் டீச்சர்,” என்றேன்.

“என்னட்டை ஒண்டும் இல்லையே தம்பி.”

“பிரதி?”

“பிரதி ஏன் வைக்கிறது? அது அவையளுக்கு எழுதினது. இது நல்லதம்பியருக்கு, மற்றது கடைக்காரருக்கு. அவையளைத்தான் கேக்கவேணும்.”

“இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே டீச்சர்!”

“நீங்கள் பிரதி எண்டு கேக்கேல்லையே. கடிதம் எண்டெல்லோ கேட்டனீங்கள்.”

அந்தப் பெண்மணியிடம் சண்டை போடவும் முடியாது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. இருந்தாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நல்லதம்பியரின் வாசலுக்குப் போனேன். அவர் முற்றத்தில் பாய் விரித்து, நனைந்த வெங்காயத்தை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தார். நான் யார், எங்கிருந்து வருகிறேன், எதற்காக என்று விவரமாகச் சொன்னேன். புத்தகத்தில் போட்டுவிட்டு அந்தக் கடிதத்தைப் பத்திரமாகத் திருப்பி அனுப்பிவிடுவதாகச் சத்தியம் செய்தேன்.

அவர் இடுப்பு மடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“என்ரை பேருக்கு வந்த கடிதம்,” என்றார். “தரேலாது.”